கண்ணகின்னு பேர் வச்சா மதுரை மறுபடி எரியுமா? – கேள்வி உங்களது, பதில் அக்காவோடது

போன இதழ்ல பேர் வைக்கிறதப் பத்தி ஒருத்தருக்கு நாலு வரி பதில் எழுதினேன், அதுக்கப்புறம் தபால்லயும் வாட்ஸப்லயும் வர்ற கேள்வியில பாதி பேரப் பத்தித்தான் இருக்கு. அதனால இந்தத் தடவை மூட்டுவலி, முடி கொட்டுறது, மாமியார் எல்லாத்துக்கும் லீவு. (மாமியார் மட்டும் எப்படியோ உள்ள வந்துட்டாங்க, மொதல் கேள்வியிலயே.)

கேள்வி: அக்கா, எங்களுக்குப் பொம்பளப்பிள்ளை பொறந்து ஒரு மாசம் ஆச்சு. வீட்டுக்காரருக்குத் தமிழ்ப்பற்று ஜாஸ்தி, கண்ணகின்னுதான் வைக்கணும்ங்கிறார். எனக்கும் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா மாமியார் "மதுரையவே எரிச்சவ பேர மதுரையில பொறந்த பிள்ளைக்கு வைப்பாகளா, வீடு விளங்குமா"ன்னு சரியாச் சாப்பிடவே மாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?
– பேர் போட வேண்டாம், செல்லூர்

பதில்: தங்கச்சி, பச்சப்பிள்ளை இருக்க வீட்ல பெரியவங்க வயிறு காயக் கூடாது, மொதல்ல அவங்களச் சாப்பிட வை.

அவங்க பயப்படுறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல கண்ணகின்னதும் கண்ணுக்கு முன்னாடி வர்றது தீதான். ஆனா சிலப்பதிகாரத்துல அந்த இடத்த நிதானமாப் படிச்சுப் பாரு. அக்கினி தேவன் வந்து நிக்கிறான், இங்க யார் பிழைக்கணும்னு கேக்குறான், அதுக்கு அவ பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைங்க இவங்கள எல்லாம் விட்டுட்டு தீயவங்க பக்கம் போய்ச் சேருன்னு சொல்றா. அவ்வளவு கோவத்துலயும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. உங்க மாமியாரும் உங்க பாப்பாவும் அந்த விட்டுடச் சொன்ன லிஸ்ட்லதான் வர்றாங்க, இத அவங்ககிட்ட அப்படியே சொல்லு. அதுக்கு மேல, மதுராபதித் தெய்வமே வந்து, ஆடி மாசம் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமை இந்த ஊர் எரியும்னு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு தாயின்னு கண்ணகிக்கு எடுத்துச் சொல்லுது. ஆக பழிய மொத்தமா அவ தலையில போட இளங்கோவுக்கே மனசு வரல.

இன்னொண்ணு, மதுரை அவளத் தள்ளி வச்ச ஊரும் இல்ல. செல்லத்தம்மன் கோயில்ல அவளுக்குச் சிலை இருக்கு, போய்க் கும்பிட்டுட்டுத்தான் வர்றாங்க. அழகர் ஆத்துல இறங்குற சித்ரா பௌர்ணமிக்குத்தான் அங்க தேனிப் பக்கம் கூடலூருக்கு மேல மலையில மங்கலதேவி கண்ணகி கோயில்லயும் திருவிழா, பளியன்குடி வழியா நடந்தே ஏறுற சனம் எவ்வளவு, குமுளிப் பக்கமா ஜீப்புல போற சனம் எவ்வளவு. வீட்டுக்கு ஆகாத பேருன்னா இத்தனை பேரு மலை ஏறுவாங்களா?

எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், இந்த இடத்துல கேட்டுக்கிறேன். விசாரிக்காம தீர்ப்புச் சொன்ன பாண்டியன் பேரு நெடுஞ்செழியன். அந்தப் பேர்ல நம்ம ஊர்ல வாத்தியார் இருக்காங்க, இன்ஜினியர் இருக்காங்க, யாரும் ஒரு வார்த்த சொன்னதில்ல (அதே பேர்ல தலையாலங்கானத்துல ஜெயிச்ச பாண்டியனும் ஒருத்தர் இருக்கார், அப்புறம் நாராயணசாமிங்கற தன் பேர மாத்தி நெடுஞ்செழியன்னு வச்சுக்கிட்ட திராவிட இயக்கத் தலைவரும் இருக்கார், அது வேற). மாதவின்னு வைக்கிறாங்க, மணிமேகலைன்னு வைக்கிறாங்க, கேஸ்ல தோத்த ராசா பேரயும் வைக்கிறாங்க, கேஸ ஜெயிச்ச பொண்ணு பேரு மட்டும் ஆகாதாம். கோவலன்னு யாரும் வைக்கிறதில்ல, அதுல மட்டும் ஊருக்குப் புத்தி இருக்கு.

சரி, இப்ப நான் நெசமாவே யோசிக்கிற விஷயத்துக்கு வர்றேன். தீயப் பத்தி உன் பிள்ளைய யாரும் பெருசா கிண்டல் பண்ணப் போறதில்ல, ஸ்கூல்ல எவனாச்சும் "சிலம்பு எங்க"ன்னு கேப்பான், ஏழாங்கிளாஸோட அது முடிஞ்சிரும். தொந்தரவு பதினாறு வயசுல ஆரம்பிக்கும். "ஆமா இவ பெரிய கண்ணகி"ன்னு ஒரு பேச்சு நம்ம தெருவுல இருக்கா இல்லையா? யாருக்குச் சொல்றாங்க, எப்பச் சொல்றாங்கன்னு யோசி. ஒரு பொண்ணு ஒருத்தன்கூட நின்னு பேசினா, லேட்டா வீட்டுக்கு வந்தா, புருசனோட ஒத்து வரலைன்னு அம்மா வீட்டுக்கு வந்தா, ஒடனே "கண்ணகின்னு பேர வச்சுக்கிட்டு..."ன்னு ஆரம்பிப்பாங்க. வேற எந்தப் பேர் வச்ச பொண்ணுக்கும் இப்படி ஒரு அளவுகோல் கையோட வராது. மெரினாவுல அவ சிலைய 2001-ல எடுத்தப்பவும் 2006-ல திரும்ப வச்சப்பவும் நடந்த சண்டையிலயும் பேச்சு பூரா கற்பு, கற்பு, கற்புன்னுதான் போச்சு, அந்தச் சிலை கையில சிலம்போட நியாயம் கேக்குற மாதிரி நிக்கிறத எத்தனை பேரு பார்த்தாங்கன்னு தெரியல.

உன் வீட்டுக்காரர் எந்தக் கண்ணகிக்காக இந்தப் பேர வைக்கிறாருன்னு அவர்கிட்ட கேளு. புருசன் வேற வீட்ல இருந்தப்ப பொறுமையா காத்திருந்த கண்ணகியா, இல்ல அரண்மனை வாசல்ல நின்னு "தேரா மன்னா செப்புவது உடையேன்"னு ஆரம்பிச்ச கண்ணகியா? ரெண்டாவதுன்னா தாராளமா வைக்கலாம், பிள்ளைக்கு விவரம் வர்ற வயசுல அந்தக் கதைய அப்பாவே உக்காந்து சொல்லணும், வெளிய யாராவது அளவுகோல் தூக்கிட்டு வந்தா அவரே எந்திரிச்சுப் பேசணும். மொததுதான்னா வேற பேர் பாருங்க.

மாமியார் விஷயம். எனக்கென்னமோ அவங்க கோவம் கண்ணகி மேல இல்லன்னு தோணுது. அவங்க அம்மா பேரு என்ன, குலசாமி பேரு என்ன, யாராச்சும் கேட்டீங்களா? கேட்டுப் பாரு. வீட்டுல கூப்பிடுற பேர அவங்க வைக்கட்டும், தொட்டில்ல போடுறப்ப காதுல அவங்களே மூணு தடவை சொல்லட்டும். பேச்சியோ மீனாளோ என்ன வேணாலும் இருக்கட்டும். நம்ம பக்கம் சர்டிபிகேட் பேரும் கூப்பிடுற பேரும் ஒண்ணா இருக்க வீடு எத்தனை இருக்கு? மாமனார் பேர பிள்ளைக்கு வச்சுட்டு, மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு மருமக "ராசு", "தம்பி"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்க வீடுதான் அதிகம்.

கேள்வி: எங்க ஐயாவுக்கு 80 வயசு, விவசாயி. பேரனுக்கு பென்னிகுயிக்னு பேர் வச்சே ஆகணும்ங்கிறார். நாங்க இருக்குறது பெங்களூர்ல. அந்தப் பேரு அங்க யாருக்குத் தெரியும்? ஐயா மனசும் நோகக் கூடாது.
– ஒரு மகன், மேலூர்

பதில்: தம்பி, உங்க ஐயா கேக்குறது ஏன்னு உங்களுக்கே தெரியும். பெரியாறு கால்வாய்த் தண்ணி மேலூர் வரைக்கும் வரலைன்னா நீங்க பெங்களூர் போற கதையே வேற மாதிரி இருந்திருக்கும். மேற்க அரபிக்கடல் பக்கம் ஓடிக்கிட்டு இருந்த பெரியாத்த மறிச்சு, மலையக் குடைஞ்சு, நம்ம பக்கம் திருப்பி, 1895-ல வேலைய முடிச்சுக் குடுத்த மனுசன் அவரு. தேனி பக்கம் போனா ஜனவரி 15 அவரு பொறந்த நாள், அன்னைக்குப் பாலார்பட்டியில அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க, வீட்டுல சாமி படத்தோட அவர் படம் மாட்டியிருப்பாங்க. லோயர் கேம்ப்ல 2013-ல மணிமண்டபம் திறந்தாங்க, மதுரையில தல்லாகுளம் பொதுப்பணித்துறை ஆபீஸ்லயும் சிலை இருக்கு. நன்றிக்குப் பேரு வைக்கிறது நம்ம மண்ணோட பழக்கம், ரவுஸ் பீட்டர்னு ஒரு கலெக்டரு மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி (குதிரையில ஏறுறப்ப கால் வைக்கிற வளையம்) செஞ்சு குடுத்தாருன்னு அவரயே பீட்டர் பாண்டியன் ஆக்குன ஊரு இது.

ஒரு வேடிக்கை இருக்கு, ஐயாகிட்ட சொல்லாதீங்க. பென்னிகுயிக்ங்கறது அவரோட குடும்பப் பேரு. அவங்க அம்மா அவரக் கூப்பிட்டது ஜான்னுதான். ஆனா அதப் பாத்தா போஸும் குடும்பப் பேருதான், இங்க மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ், சந்திரபோஸ்னு தெருவுக்கு ஒருத்தரு இருக்காரு, 1939-ல சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கே வந்துட்டுப் போனவரு, அதுக்கப்புறம் அந்தப் பேர வங்காளப் பேருன்னு இங்க யாரும் நினைக்கிறதே இல்ல. அப்படித்தான் இதுவும்.

பெங்களூர்ல யாருக்கும் தெரியாதுங்கிறது குறையில்ல, அங்க கேக்குறவங்களுக்கு உங்க பையன் "எங்க ஊருக்குத் தண்ணி கொண்டு வந்தவரு பேரு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிருவான், நின்னு விளக்கம் குடுக்க வேண்டியதில்ல. தொல்லை எழுத்துலதான். பென்னிகுக், பென்னிக்குயிக், பென்னிகுவிக்னு தமிழ்லயே நாலு விதமா எழுதுறாங்க, இங்கிலீஷ்ல கேக்கவே வேணாம். ஆஸ்பத்திரில ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னு ஆச்சுன்னா பாஸ்போர்ட் எடுக்குறப்ப கண்ணீர் வரும். ஒரு எழுத்து முடிவு பண்ணி அதையே எல்லா இடத்துலயும் குடுங்க. இல்லையா, ஒரு சின்னத் தமிழ்ப் பேரோட சேர்த்து ரெண்டாவது பேரா வைங்க, வீட்டுல பென்னின்னு கூப்பிடுங்க. ஐயா காதுக்கு அது போதும்.

கேள்வி: என் ஹீரோ பேரத்தான் என் பையனுக்கு வைப்பேன், பொண்டாட்டி டைவர்ஸ் பண்ணிருவேன்ங்கிறா. நீங்களே சொல்லுங்க.
– உண்மை ரசிகன், ஆரப்பாளையம்

பதில்: பொண்டாட்டி சொல்றதக் கேளுங்க தம்பி. உங்க ஹீரோ அடுத்த படம் எப்படி ஓடும், அடுத்த வருசம் எந்தக் கட்சிக்குப் போவாரு, என்ன பேசுவாருன்னு உங்களுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது. பையன் கையில ஃபர்ஸ்ட் ஷோ டிக்கெட்டக் குடுங்க, பேர மட்டும் அவனுக்குன்னு தனியாக் குடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் கட்சியில கிளைச் செயலாளர். தலைவர் மதுரைக்கு வர்றப்ப மேடையில அவரு கையாலதான் பேர் வைக்கணும்னு பிள்ளைக்கு அஞ்சு மாசமா பேரே வைக்கல. தலைவர் தேதி தள்ளிக்கிட்டே போகுது. எனக்குக் கோவம் கோவமா வருது.
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: வராம என்ன செய்யும். பிரச்சார வண்டி போற வழியில பிள்ளையத் தூக்கிக் குடுத்து, மைக்குல பேரச் சொல்லி வாங்குறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்க வழக்கம்தான், தலைவரும் தன் கட்சியில மறைஞ்ச பெரியவங்க பேரையோ நல்ல தமிழ்ப் பேரையோ சொல்லிட்டுப் போவாரு, பெரும்பாலும் குறை சொல்ற மாதிரி இருக்காது. ஆனா அந்த மைக்குல வந்த பேரு உங்களுக்குப் பிடிக்கலைன்னா திரும்பக் குடுக்க வழியில்ல, அத்தனை பேரு கை தட்டியிருப்பாங்க.

தலைவர் பேரு எப்படியெல்லாம் புரளும்ங்கறதுக்கு நம்ம மாநிலத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. 1953 மார்ச் 1-ந்தேதி கருணாநிதிக்கு ஒரு பையன் பொறக்குறான், மார்ச் 5-ந்தேதி ரஷ்யாவுல ஸ்டாலின் இறந்து போறாரு, இரங்கல் கூட்டத்துலயே பிள்ளைக்கு அந்தப் பேர அப்பா அறிவிச்சுட்டாரு. மூணே வருசத்துல, 1956-ல அங்க அவருக்கு அப்புறம் வந்த தலைவர் குருசேவ், ஸ்டாலினோட கொடுமைகள அவரு கட்சி மாநாட்டுலயே போட்டு உடைக்கிறாரு, 1961-ல ஸ்டாலின்கிராடுங்கற ஊரோட பேரையே வோல்காகிராடுன்னு மாத்திட்டாங்க. அங்க ஊரு பேரே போச்சு, இங்க பையன் பேரு நின்னுக்கிச்சு. ஸ்கூல்ல சேர்க்கப் போனப்ப பேர மாத்தச் சொன்னாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு, அப்பா மாத்தல. இன்னைக்குத் திருமங்கலத்துல பத்து பேர நிறுத்தி ஸ்டாலின்னா யாருன்னு கேளுங்க, ஒருத்தராவது ரஷ்யாக்காரரச் சொல்றாரான்னு பாப்போம். ஆனா எல்லாப் பிள்ளைக்கும் வளந்து முதலமைச்சராகி பேரோட அர்த்தத்த மாத்துற யோகம் அமையாதும்மா, மத்தவங்க அடுத்தவன் கதையத் தூக்கிக்கிட்டுத்தான் திரியணும்.

அதனால வீட்டுக்காரர்கிட்ட இப்படிச் சொல்லுங்க: பேர நாம இப்பவே வச்சு பதிஞ்சிருவோம், தலைவர் வர்றப்ப துண்டுச் சீட்டுல அதே பேர எழுதிக் குடுத்துருங்க, அவரு மைக்குல படிக்கட்டும். போட்டோவும் கிடைக்கும், பேரும் நம்ம பேரா இருக்கும். கட்சிக்காரங்களுக்கு இந்த வேலை நல்லாவே தெரியும்.

கேள்வி: எங்க சமுதாயத் தலைவர் பேர மகனுக்கு வைக்கணும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. நானும் அவரு மேல மரியாதை உள்ளவன்தான். வைக்கலைன்னா "பெரிய மனுசனாயிட்டான்"னு பேசுவாங்க. வைக்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: தலைவரோட பேரு இல்லாம கடிதம் எழுதியிருக்கீங்க, அதனால என் பதிலும் எல்லா சமுதாயத்துக்கும் பொதுவாவே இருக்கட்டும். அவரு பெரிய மனுசனாத்தான் இருப்பாரு, சுதந்திரத்துக்கோ சனங்களுக்கோ ஜெயிலுக்குப் போனவராக்கூட இருக்கலாம். ஆனா நம்ம ஜில்லாவுல அந்தப் பேர அட்டென்டன்ஸ்ல வாசிச்ச உடனே கிளாஸ்ல இருக்க நாப்பது பிள்ளைங்களுக்கும் உங்க பையன் யாருன்னு தெரிஞ்சு போயிரும், அவன் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே. ஒருத்தன் வந்து தோள்ல கை போடுவான், இன்னொருத்தன் பெஞ்ச மாத்திக்குவான். ரெண்டுமே அவன் கேட்டது இல்ல.

நாங்குநேரியில 2023-ல ஒரு பையன அவன் வீட்டுக்குள்ள பூந்து கூடப் படிக்கிற பசங்களே வெட்டுனாங்க, ஞாபகம் இருக்கா, அதுக்கப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல அறிக்கை குடுத்துச்சு, பள்ளிக்கூடத்துக்குள்ள கையில கலர் கயிறு கட்டக் கூடாதுன்னு அதுல சொன்னாங்க. கயிறக் கழட்டிறலாங்க, பேர எங்க போய்க் கழட்டுறது? நான் வைக்க வேண்டாம்னுதான் சொல்வேன். தலைவர் படம் வீட்டுச் சுவர்ல இருக்கட்டும். சொந்தக்காரங்க பேசுறது காதுகுத்துக்கு தாய்மாமன் மடியில உக்கார வச்சு கெடா வெட்டி சோறு போடுற அன்னைக்கோட அடங்கிரும், பேரு அறுபது எழுபது வருசம் கூடவே இருக்கும்.

கேள்வி: அக்கா, சிரிக்காதீங்க. என் பேரு ஹிட்லர். தாத்தா வச்சது. எங்க ஊர்ல யாருக்கும் இது ஒரு விஷயமே இல்ல. இப்ப சென்னையில ஐடி கம்பெனி, வெளிநாட்டு கிளையன்ட். மீட்டிங்ல பேரு ஸ்கிரீன்ல வந்ததும் எல்லாரும் அமைதியாயிடுறாங்க. இப்ப எனக்கு மகன் பொறந்திருக்கான், அவன் இனிஷியல் என் பேர்ல இருந்துதான வரும்?
– திருப்பரங்குன்றம் பக்கத்து ஊர்க்காரர்

பதில்: சிரிக்கல தம்பி. உங்க தாத்தா காலத்துல வெள்ளக்காரனுக்கு எதிரி யாரா இருந்தாலும் நம்மாளுதான். நேதாஜி பெர்லின்ல இருந்தாரு, 1942-ல ஹிட்லரப் பாத்தாரு, அப்புறம் இந்திய தேசிய ராணுவத்துல மலேயாவுலயும் பர்மாவுலயும் இருந்த நம்ம தமிழாளுக எத்தனையோ பேரு சேர்ந்தாங்க. அந்த வேகத்துல வந்த பேரு இது. அறுபது லட்சம் யூதர்களக் கொன்னுபோட்ட கணக்கு உங்க தாத்தா காதுக்கு வந்திருக்காது. ஸ்கிரீன்ல உங்க பேரப் பாக்குறவங்க வீட்ல அந்தக் கணக்குல ஒருத்தர் இருந்திருக்கலாம், அவங்க அமைதிக்கு அதுதான் அர்த்தம், உங்கமேல கோவம் இல்ல.

மாத்திருங்க. பெரிய கஷ்டம் இல்ல, அரசு எழுதுபொருள் அச்சுத்துறை மூலமா அரசிதழ்ல பேர் மாத்தி விளம்பரம் வரணும், அந்த அரசிதழ வச்சு ஆதார், பான், பேங்க்னு ஒண்ணொண்ணா மாத்திக்கலாம், பழைய ஸ்கூல் சர்டிபிகேட்டோட அரசிதழ் காப்பியயும் சேர்த்தே வச்சுக்கங்க. மகன் பிறப்புச் சான்றுல உங்க பேரு இருக்கும், அதனால முதல்ல உங்க வேலைய ஆரம்பிங்க. தாத்தா வருத்தப்பட மாட்டாரா? உயிரோட இருந்தா நீங்களே போய் விஷயத்த விளக்கிச் சொல்லுங்க, போஸ்னு மாத்துடான்னு சொன்னாலும் சொல்வாரு.

கேள்வி: பேரே முடிவாகல, ஆஸ்பத்திரில பேர் கேக்குறாங்க. அவசரத்துக்கு ஏதாவது குடுத்துட்டு அப்புறம் மாத்திக்கலாமா?
– புது அப்பா, அனுப்பானடி

பதில்: அத மட்டும் செய்யாதீங்க. பிறப்ப 21 நாளுக்குள்ள பதியணும், ஆனா பேர் இல்லாமலே பதியலாம், அந்த இடம் காலியா இருக்கும். பன்னெண்டு மாசத்துக்குள்ள போய் பேரச் சேத்தா கட்டணம் கிடையாது, அதுக்கு மேல ஆனா தாமதக் கட்டணத்தோட 15 வருசம் வரைக்கும் சேக்கலாம். ஆனா காலி இடத்துல சேக்குறது சுலபம், எழுதுன பேர அழிச்சு வேற எழுதுறது லேசுப்பட்ட வேலை இல்ல. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சேர்க்கை, லைசென்ஸ், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட் எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம்னு சட்டமே மாறியிருக்கு, அதனால நிதானமா யோசிச்சு வைங்க. சேக்கப் போறப்ப பேரத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பெரிய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, வாயால சொல்லாதீங்க, டைப் அடிச்சதும் இனிஷியலோட ஒரு தடவை நீங்களே படிச்சுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.